வங்கச் சிங்கம் பஸ்லுல் ஹக்: எண்ணிக்கையும் ஏழை உழவனும்

மக்களாட்சி என்பது எண்ணிக்கையின் ஆட்சி என்பர். தேர்தல் முடிந்து வாக்குகள் எண்ணப்பட்டதும், எக்கட்சிக்கு எத்தனை இடம் என்னும் வினாவே ஊரெங்கும் முதலில் எழுகின்றது. அவையில் பாதிக்கு மேல் ஓர் இடம் மிகுந்தால் ஆட்சி. ஓர் இடம் குறைந்தால் எதிர்வரிசை. இந்த எளிய கணக்கிற்குள் எத்தனை சிக்கல்கள் மறைந்து கிடக்கின்றன என்பதை அறிய விரும்புவோர் ஒரு மாமனிதரின் வாழ்வைப் பயின்றால் போதும். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவரும், அரசியல் கணக்கில் வெற்றியும் தோல்வியும் மாறிமாறிக் கண்டவருமான அபுல் காசிம் பஸ்லுல் ஹக் அவர்களே அம்மனிதர். வங்க மக்கள் அவர்களை ஷேர்-இ-பங்களா, அதாவது வங்கச் சிங்கம், என்று அன்போடு அழைத்தனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாத அவை ஒன்றையும், ஏறத்தாழ அனைத்து இடங்களும் தம் அணிக்கே கிடைத்த அவை ஒன்றையும் தம் வாழ்நாளில் அவர்கள் கண்டார்கள். முன்னதில் ஆறு ஆண்டுகள் ஆண்டார்கள். பின்னதில் இரண்டு மாதங்கள் கூட ஆளவில்லை. இந்த முரண்பாட்டின் காரணத்தை ஆராய்வதே நம் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

கிழக்கு வங்கத்தில் ஆறுகளும் கால்வாய்களும் பின்னிக் கிடக்கும் பாரிசால் பகுதியில், சாத்தூரியா என்னும் சிற்றூரில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1873ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பஸ்லுல் ஹக் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் காஜி முஹம்மது வாஜித் அவர்கள் பாரிசாலில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அரபியும் பார்சியும் வீட்டிலேயே கற்ற சிறுவர், பாரிசால் மாவட்டப் பள்ளியில் பயின்று கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார்கள். வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய மூன்று துறைகளிலும் சிறப்புப் பட்டம் பெற்று, பின்னர்க் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் சட்டத்தில் பட்டமும் பெற்றார்கள். முஸ்லிம்களிடையே மேனிலைக் கல்வி அரிதாக இருந்த காலத்தில் இது எளிய செயலன்று. பேரறிஞர் சர் அசுதோஷ் முகர்ஜியிடம் சட்டப் பயிற்சி பெற்று வழக்கறிஞரானார்கள்.

1906ஆம் ஆண்டில் அரசுப் பணி ஏற்ற அவர்களுக்குப் பின்னர்க் கூட்டுறவுத் துறையில் பொறுப்பு கிட்டியது. ஊர் ஊராகச் சென்று உழவர்களின் நிலையை நேரில் காணும் வாய்ப்பு அதனால் அமைந்தது. 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டம் வங்க மண்ணை ஜமீன்தார்களின் கையில் ஒப்படைத்திருந்தது. உழுதவன் குத்தகை செலுத்தினான். குத்தகைக்கு மேல் பல பெயர்களில் கூடுதல் தண்டல்களும் செலுத்தினான். அவற்றைச் செலுத்தக் கடன் வாங்கினான். கடனுக்கு வட்டி செலுத்தினான். இறுதியில் நிலத்தையே இழந்தான். அக்காட்சி அவர்களின் உள்ளத்தை விட்டு ஒருபோதும் அகலவில்லை. சில ஆண்டுகளில் அரசுப் பணியைத் துறந்து பொதுவாழ்வில் புகுந்தார்கள்.

பொதுவாழ்வில் வளர்ச்சி

1913ஆம் ஆண்டு வங்கச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார்கள். 1916ஆம் ஆண்டு காங்கிரசும் முஸ்லிம் லீகும் செய்துகொண்ட லக்னோ உடன்படிக்கையை உருவாக்கியவர்களுள் அவர்களும் ஒருவர். 1918ஆம் ஆண்டு தில்லியில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர்கள், அதே காலத்தில் காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் விளங்கினார்கள் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும் செய்தியாகும். 1920ஆம் ஆண்டில் அவர்களின் ஆதரவில் வெளிவந்த நவயுகம் என்னும் வங்க நாளிதழில்தான் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் ஆசிரியப் பணி ஆற்றினார் என்பதை இலக்கிய மாணவர்களாகிய நாம் நினைவில் கொள்ளுதல் தகும். 1924ஆம் ஆண்டு வங்கத்தின் கல்வி அமைச்சராகவும், 1935ஆம் ஆண்டு கல்கத்தா மாநகர மேயராகவும் பொறுப்பேற்றார்கள். மேயர் பதவியை அடைந்த முதல் முஸ்லிம் அவர்களே.

எனினும் அவர்களின் உண்மையான வலிமை பதவிகளில் இல்லை, கிராமங்களில் இருந்தது. 1929இல் தோன்றிய குடியானவர் சங்கம் 1936இல் கிரிஷக் பிரஜா கட்சியாக, அதாவது உழவர் குடியானவர் கட்சியாக, மலர்ந்தது. ஜமீன்தாரி முறையை ஒழித்தல், கடன் சுமையைக் குறைத்தல், கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி அளித்தல் ஆகியன அதன் குறிக்கோள்கள். ஏழைக்குப் பருப்பும் சோறும் கிடைக்க வழி செய்தல் என்பதே அவற்றின் சாரமாகப் பட்டி தொட்டியெங்கும் பேசப்பட்டது.

இருநூற்றைம்பது இருக்கைகள்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. அதன்கீழ் வங்கச் சட்டப் பேரவைக்கு 250 இடங்கள் வகுக்கப்பட்டன. அவை பங்கிடப்பட்ட முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு 117, பொதுத் தொகுதிகள் 78, அவற்றுள் 30 தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை, ஐரோப்பியர்களுக்கு 11, ஆங்கிலோ இந்தியர்களுக்கு 3, இந்தியக் கிறித்தவர்களுக்கு 2, வணிகத்திற்கும் தொழிலுக்கும் 19, நிலவுடைமையாளர்க்கு 5, தொழிலாளர்க்கு 8, பல்கலைக்கழகங்களுக்கு 2, மகளிர்க்கு 5. வணிகத் தொகுதிகளிற் பலவும் ஐரோப்பியர் வசமே இருந்தமையால் அவையில் அவர்களின் எண்ணிக்கை 25 ஆயிற்று. மக்கள் தொகையில் மிகச் சிறு துளியான அவர்களுக்கு அவையில் பத்தில் ஒரு பங்கு!

பெரும்பான்மைக்கு 126 இடங்கள் தேவை. முஸ்லிம் உறுப்பினர் அனைவரும் ஒருசேர நின்றாலும் அவ்வெண்ணை எட்ட இயலாது. பொதுத் தொகுதிகள் அனைத்தையும் ஒரே கட்சி வென்றாலும் எட்ட இயலாது. எவரும் தனித்து ஆள முடியாதவாறு அமைந்த அவை அது. பிறரோடு கைகோத்தாக வேண்டும். கைகோக்கும் ஒவ்வொருவர்க்கும் விலையொன்று கொடுத்தாக வேண்டும். இதே சட்டத்தின்கீழ் அதே ஆண்டில் நடைபெற்ற தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களுள் 159ஐக் காங்கிரஸ் வென்று தெளிவான ஆட்சி அமைத்ததை ஒப்பிட்டால் வங்கத்தின் நிலை நன்கு விளங்கும்.

1937ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெற்ற அத்தேர்தலில் நாடே உற்று நோக்கிய போட்டி பட்டுவாகாளித் தொகுதியில் நிகழ்ந்தது. டாக்கா நவாப் குடும்பத்தைச் சேர்ந்த க்வாஜா நாஜிமுதீன் அவர்கள் ஒரு புறம். பஸ்லுல் ஹக் அவர்கள் மறு புறம். அப்பகுதியில் நவாப் குடும்பத்திற்கு ஜமீன் உரிமையும் இருந்தது. ஆயினும் குடியானவர்கள் ஜமீனை நோக்கவில்லை. தம் வழக்கறிஞரையே நோக்கினார்கள். ஹக் அவர்கள் பெரும் வேறுபாட்டில் வென்றார்கள்.

தொகுதிப் போட்டி அவ்வாறு முடிய, பேரவைக் கணக்கோ வேறாக அமைந்தது. காங்கிரஸ் ஐம்பதுக்குச் சற்று மிகுந்த இடங்களோடு தனிப்பெரும் கட்சியாயிற்று. முஸ்லிம் லீக் ஏறத்தாழ 40 இடங்களையும், உழவர் கட்சி ஏறத்தாழ 35 இடங்களையும் பெற்றன. எக்கட்சியையும் சாராதவர்கள் திரளாக வந்தனர்.

கூட்டணியின் விலை

ஹக் அவர்கள் முதலில் நாடியது காங்கிரசையே. உழவர்க்கு நிலவுரிமை வேண்டும் என்பதில் இரு தரப்பிலும் பலர் ஒத்த கருத்தினர். ஆனால் பேச்சு முறிந்தது. அரசியல் கைதிகளின் விடுதலையை முதலில் வைப்பதா, குத்தகைச் சட்டத் திருத்தத்தை முதலில் வைப்பதா என்ற வரிசைச் சிக்கல் அதற்கு ஒரு காரணம். பிற கட்சியினரோடு சேர்ந்து அமைச்சரவை அமைக்கக் காங்கிரசின் அகில இந்தியத் தலைமை இசையாதிருந்தது மற்றொரு காரணம். வங்க வரலாற்றின் பெரிய வாய்ப்பு ஒன்று அவ்வாறு நழுவியது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே கருதுகின்றோம்.

அதன் பின்னர் ஹக் அவர்கள் முஸ்லிம் லீகோடு இணைந்து 1937 ஏப்ரல் முதல் நாளன்று ஆட்சிப் பொறுப்பேற்றார்கள். மாகாணத் தலைமை அமைச்சரைப் பிரதம மந்திரி என்றே அழைப்பது அக்கால வழக்கம். பதினொருவர் கொண்ட அமைச்சரவையில் அறுவர் முஸ்லிம்கள், ஐவர் இந்துக்கள். சமய அடிப்படையில் நோக்கினால் இது நடுநிலையான பங்கீடாகத் தோன்றும். ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. அப்பதினொருவருள் நவாபுகளும் ஜமீன்தார்களும் பலர். உழவர் கட்சியைச் சார்ந்தவர்களோ ஹக் அவர்களையும் சேர்த்து இருவரே. பட்டுவாகாளியில் தோற்ற நாஜிமுதீன் அவர்கள் இடைத்தேர்தல் வாயிலாக அவைக்கு வந்து உள்துறை அமைச்சராக அமர்ந்தார்கள். ஜமீன்தாரி முறையை ஒழிப்போம் என்று வாக்குப் பெற்றவர், ஜமீன்தார்கள் சூழ அமர்ந்து ஆட்சி செய்ய நேர்ந்தது. உழவர் கட்சியின் உறுப்பினர்கள் பலர் மனம் வெதும்பி எதிர்வரிசைக்குச் சென்றனர். அதே ஆண்டு அக்டோபரில் ஹக் அவர்கள் முஸ்லிம் லீகிலேயே சேர்ந்தார்கள். 1938இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அமைச்சரவையைக் காத்தவை ஐரோப்பிய உறுப்பினர்களின் வாக்குகளே.

இவ்வளவு நெருக்கடிக்கு இடையிலும் அவர்கள் உழவனை மறக்கவில்லை என்பதே நாம் போற்ற வேண்டியது. 1938ஆம் ஆண்டின் குத்தகைத் திருத்தச் சட்டம், உழவன் தன் நில உரிமையை விற்கும்போது ஜமீன்தாருக்குச் செலுத்தி வந்த கட்டணத்தை ஒழித்தது. குத்தகை உயர்வைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. கடன் தீர்வு வாரியங்கள் மாகாணம் முழுதும் பரவின. 1940ஆம் ஆண்டின் சட்டம் வட்டிக்கு உச்ச வரம்பு விதித்தது. ஜமீன்தாரி முறையை ஆராய அவர்கள் அமைத்த பிளவுட் குழு, அம்முறையை ஒழிக்கவே பரிந்துரைத்தது. கல்வித் துறையையும் தாமே ஏற்றிருந்த அவர்களின் ஆட்சிக் காலத்தில், முஸ்லிம் பெண்கள் உயர்கல்வி பெறக் கல்கத்தாவில் லேடி பிரேபோர்ன் கல்லூரி 1939இல் தோன்றியது. நிலத்தை உழவனுக்கே உரிமையாக்கவில்லையே என்று குறை கூறுவோர் உளர். அக்குறை உண்மையே. ஆனால் அந்த அவையில் அதற்கான வாக்குகள் எங்கே இருந்தன என்பதையும் குறை கூறுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புதிய கூட்டணியும் வீழ்ச்சியும்

1940 மார்ச் 23ஆம் நாள் லாகூர் மாநாட்டில் புகழ்பெற்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஹக் அவர்களே. ஆயினும் லீகின் தலைமைக்கும் அவர்களுக்கும் இடையே பிணக்கு முற்றியது. வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் தலைமையைக் கேளாமல் உறுப்பினரானதை ஒட்டி எழுந்த பூசல் 1941இல் பிரிவில் முடிந்தது. லீக் அமைச்சர்கள் விலகினர். அவ்வாண்டு டிசம்பரில் ஹக் அவர்கள் யாரும் எதிர்பாராத புதிய அணியை அமைத்தார்கள். இந்து மகாசபையின் சியாம பிரசாத் முகர்ஜி நிதி அமைச்சரானார். சரத் சந்திர போசின் குழுவினரும் ஆதரவளித்தனர். ஆனால் அந்நாளிலேயே சரத் போஸ் கைது செய்யப்பட்டார்.

இந்தக் கூட்டணியைச் சந்தர்ப்பவாதம் என்று சாடியவர்கள் உண்டு. இரு சமூகங்களும் ஒரே அவையில் இணைந்து ஆள இயலும் என்று காட்ட எடுத்த முயற்சி என்று போற்றியவர்களும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கின்றது. அணி மாறுவது அவர்களுக்கு எளிதாயிற்று. அதனாலேயே அவர்களை முழுவதும் நம்புவது பிறர்க்கு அரிதாயிற்று. 1943 மார்ச் 28ஆம் நாள் ஆளுநர் சர் ஜான் ஹெர்பர்ட், அனைத்துக் கட்சி அமைச்சரவைக்கு வழிவிட வேண்டும் என்று கூறி, முன்னரே எழுதி வைத்திருந்த பதவி விலகல் மடலில் அவர்களின் கையொப்பத்தைப் பெற்றார். அவையில் தோற்காமலேயே ஆட்சி போயிற்று. அடுத்து அமைந்ததோ நாஜிமுதீன் அவர்களின் அமைச்சரவை. அவ்வாண்டின் கொடும் பஞ்சம் பல இலட்சம் உயிர்களை விழுங்கியது. உழவனின் வீட்டில் பருப்பும் இல்லை, சோறும் இல்லை.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் லீக் 110க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. ஹக் அவர்கள் தாம் வென்றார்கள். அவர்களின் கட்சியோ விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற்குச் சுருங்கியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் கட்சியைப் பேணாமல் ஆட்சியைப் பேணியதன் விளைவு அது.

1954: அலையெனத் திரண்ட வாக்குகள்

பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தில் 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தொடர்ந்தனர். 1949இல் தாங்காயில் இடைத்தேர்தலில் ஆளும் லீக் தோற்றது. அதன் பிறகு இடைத்தேர்தல்களே நிறுத்தப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகக் கிடந்தன. மக்களின் குரலைக் கேட்க அஞ்சிய அவை அது. 1952 பிப்ரவரி 21ஆம் நாள் தாய்மொழியின் உரிமை கேட்டு டாக்காவில் திரண்ட மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அந்தக் குருதி மக்களின் உள்ளத்தில் உலரவில்லை.

எண்பதாம் அகவையில் ஹக் அவர்கள் மீண்டும் களம் புகுந்தார்கள். அவர்களின் கிரிஷக் சிரமிக் கட்சியும், மௌலானா பாஷானி, ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி ஆகியோரின் அவாமி முஸ்லிம் லீகும், வேறு சில கட்சிகளும் 1953ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய முன்னணியாக ஒன்றிணைந்தன. வங்க மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி, மாகாணத் தன்னாட்சி முதலான இருபத்தொரு அம்சங்களை அது முன்வைத்தது. தலைமை அமைச்சரின் இல்லமாகிய பர்த்வான் மாளிகையை வங்க மொழிக்கான ஆய்வு நிலையமாக்குவதும் அவற்றுள் ஒன்று. முன்னணியின் சின்னம் படகு. ஆறுகளின் நாட்டில் அதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு ஏது?

1954 மார்ச்சில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் தேர்தல் நடைபெற்றது. பேரவையின் 309 இடங்களுள் 237 முஸ்லிம் தொகுதிகள். 72 பிற சமூகத்தாருக்கு உரியவை. 237இல் முன்னணி 223 இடங்களை வென்றது. ஆளும் லீகிற்குப் பத்து இடங்கள் கூடத் தேறவில்லை. தலைமை அமைச்சர் நூருல் அமீன் அவர்களே ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றார்கள். ஏப்ரல் 3ஆம் நாள் ஹக் அவர்கள் முதலமைச்சரானார்கள்.

இங்கும் நாம் உள்ளே நுழைந்து எண்ண வேண்டும். முன்னணியின் 223 இடங்களுள் அவாமி லீகிற்கு ஏறத்தாழ 140. ஹக் அவர்களின் கட்சிக்கு ஐம்பதுக்கும் சற்றுக் குறைவு. 1937இல் போலவே இப்போதும் தலைமை ஒருவரிடம், எண்ணிக்கை மற்றவரிடம். முதலில் பதவியேற்ற நால்வர் அமைச்சரவையில் அவாமி லீகிற்கு இடமில்லை. ஆறு வாரங்கள் கழித்து மே 15ஆம் நாளன்றுதான் அவர்கள் சேர்க்கப்பட்டனர். இளைஞர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் அவர்களுள் ஒருவர். அதே நாளில் ஆதம்ஜி சணல் ஆலையில் கலவரம் மூண்டு பலர் மாண்டனர். இதற்கு முன் கல்கத்தா சென்ற ஹக் அவர்கள் இரு வங்கங்களின் மொழி ஒற்றுமை பற்றி உருக்கத்தோடு பேசியதை மத்திய அரசு குற்றமாக்கியது. மே மாத இறுதியில் அமைச்சரவை நீக்கப்பட்டது. ஆளுநர் ஆட்சி வந்தது. முதியவர் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டார்கள். 223 உறுப்பினர்களின் வலிமை ஓர் ஆணையின் முன் நிற்கவில்லை.

இறுதி நாட்கள்

பின்னர் மத்திய உள்துறை அமைச்சராகவும், 1956 முதல் 1958 வரை கிழக்குப் பாகிஸ்தானின் ஆளுநராகவும் பதவி வகித்தார்கள். நீக்கியவர்களே மீண்டும் அழைத்துப் பதவி தந்தது அக்கால அரசியலின் விந்தை. ஆனால் உழவனுக்காக அவர்கள் கண்ட கனவு பிறர் கையால் ஓரளவு நனவாகியிருந்தது. 1950ஆம் ஆண்டிலேயே கிழக்கு வங்கத்தில் ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிந்தது. 1955இல் பர்த்வான் மாளிகையில் வங்க மொழிக் கழகமாகிய பங்களா அகாதமி எழுந்தது. 1962 ஏப்ரல் 27ஆம் நாள் டாக்காவில் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள்.

நாம் கற்பது

பிரிவினைக்கு முற்பட்ட வங்கம் மூன்று பிரதம மந்திரிகளையே கண்டது: பஸ்லுல் ஹக், நாஜிமுதீன், சுஹ்ரவர்தி. அவையில் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்ற அம்மூவரும் இன்று டாக்காவில் ஒரே நினைவிடத்தின்கீழ் அருகருகே துயில்கின்றனர். அங்கே ஆளும் வரிசையும் இல்லை, எதிர்வரிசையும் இல்லை.

ஹக் அவர்களின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? எண்ணிக்கை இன்றி ஆட்சி இல்லை என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கையின் உள்ளே யார் இருக்கின்றார்கள், எதற்காக இணைந்திருக்கின்றார்கள் என்பதே அதன் ஆயுளையும் பயனையும் முடிவு செய்கின்றது. 1937இல் சிதறிய அவையிலும் உழவனுக்குச் சில சட்டங்கள் கிடைத்தன. காரணம், தலைவரின் உள்ளத்தில் உழவன் இருந்தான். 1954இல் திரண்ட அவையும் கலைந்தது. காரணம், அணிக்குள் நம்பிக்கை வேரூன்றவில்லை. அணிக்கு மேலே இருந்தோர்க்கு மக்கள் தீர்ப்பை மதிக்கும் பண்பும் இல்லை. வாக்குச் சீட்டைப் பெட்டியில் இடுவதோடு மக்களின் கடமை முடிவதில்லை. அவ்வாக்கு அவையில் என்னவாயிற்று என்று தொடர்ந்து கேட்பதும் அவர்களின் கடமையே. பாரிசாலின் ஆற்றங்கரை உழவன், எழுத்தறியாதவனாயினும், தன் வழக்கறிஞரிடம் அதைத்தான் கேட்டான். கற்றறிந்த நாம் அதைக் கேட்கத் தயங்கலாமா?